கல்லைப் புரட்டச் சொன்ன புத்தகம்

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது என் மகள் சைக்கிள் கேட்கவில்லை, சட்டை கேட்கவில்லை. பூச்சிகளைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கிற புத்தகம் ஒன்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பைத்தியம் என்னிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றியது.

நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். ஆனையிறவு தாண்டி, பற்றைக் காட்டுக்குள், ஒரு மீற்றர் அகலமான பாதையில் முழங்காலில் இருந்தபடி நாள் முழுவதும் மண்ணைச் சுரண்டுவது. இரண்டு பக்கமும் சிவப்புத் தடிகள். தடிக்கு அப்பால் இன்னும் வெடி அகற்றாத நிலம், கையைக்கூட நீட்டக் கூடாது. முகத்தை மூடிய தடுப்புக்குள் வியர்த்து ஒழுகும். கண்ணுக்குத் துணை பூச்சிகள் மட்டுந்தான். ஒரு நாள் பொன்வண்டு ஒன்று என் மூக்குக்கு நேரே ஊர்ந்து வந்தது. என்னைச் சட்டையே செய்யாமல் தடியைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. ஒரு வண்டின் மேல் பொறாமைப்பட்டேன் என்றால் யாரும் சிரிப்பார்கள், ஆனால் அது பொறாமைதான். அதை வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

அப்படித்தான் கிளிநொச்சியில் பஸ் ஏறி வவுனியாப் புத்தகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முஸ்லிம், பொறுமையான மனிதர். நானா, அதாவது அண்ணா, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கேட்டதும் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது மொத்தமான, கனத்த ஆங்கிலப் புத்தகம். எல்லாப் பூச்சியையும் ஊசி குத்தி, இறக்கையை விரித்து, மேலிருந்து படம் எடுத்திருந்தார்கள். நான் பூச்சிகளை முகத்துக்கு முகம் பார்க்கிறவள். செத்ததன் முதுகை வைத்து நான் என்ன செய்ய? இரண்டாவது சிங்களத்தில். படங்கள் நல்ல வடிவு, ஆனால் இரண்டு பேருக்கும் ஓர் எழுத்தும் தெரியாது. மூன்றாவது சட்டைப்பைக்குள் அடங்குகிற தமிழ்ப் புத்தகம். உயிருள்ள பூச்சிகளை, அவை இருக்கிற இடத்தின்படி பிரித்திருந்தார்கள்: இலைக்கு அடியில், புல்லுக்குள், கல்லுக்குக் கீழே. மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, இதுதான் திறம். எடுங்கோ," என்று என்னிடம் சொன்னார் கடைக்காரர்.

அவள் கையிலிருந்து வாங்கித் திறந்தேன். முதல் பக்கத்தில், எப்படித் தேடுவது என்று போட்டிருந்தது. பாதையை விட்டு இறங்குங்கள். புல்லைக் கையால் விலக்குங்கள். கற்களைப் புரட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வாசிக்காமல் மூடிவிட்டேன். எங்கள் வீட்டுக் காணி எப்போதோ வெடி அகற்றித் துப்புரவாக்கப்பட்டது. அங்கே ஒன்றும் இல்லை என்று ஊருக்கெல்லாம் அடித்துச் சொல்லக் கூடியவள் நான். ஆனாலும் சொந்தக் காணியில் நடைபாதையை விட்டு ஓர் அடி வைத்ததில்லை. அவளையும் வைக்க விட்டதில்லை.

"நானா, வேற ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழ்த் தட்டில் குனிந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். வீட்டுக்குள் இருக்கும் பூச்சிகள். நுளம்பு, இலையான், கரப்பொத்தான்.

"இது காணும் அம்மா. இதே போதும்."

"ஏன் பிள்ளை, மற்றதெல்லோ உனக்கு விருப்பம்?"

"இதில உள்ளதுகளைப் பாக்க நீங்கள் விடுவீங்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு பேச்சுப் பேசியிருப்பேன். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள். வெட்கமாக இருந்தது. கல்லைப் புரட்டச் சொன்ன புத்தகத்தையே ரோசத்தோடு வாங்கினேன்.

அடுத்த நாள் காலை அவள் நடைபாதை ஓரத்தில் நின்று, முருங்கைக்குக் கீழே கிடந்த கல்லைக் காட்டினாள். "அம்மா, புரட்டட்டோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பொறு, முதல் நான் பாக்கிறன்," என்று வந்தது. நடைபாதையை விட்டு இறங்கி, கல்லுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். கல்லைச் சுற்றி மண்ணை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். அவசரப்பட எனக்குத் தெரியாது. வெயில் ஏறிய பிறகு ஒரு வழியாகப் புரட்டியபோது கீழே கறுத்த வண்டு ஒன்று கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. மகிழ்ச்சியோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"பிள்ளை, ஓடி வா! வண்டு!"

வீட்டுக்குள், குசினியில் இருந்து மகளின் குரல் வந்தது.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கோ அம்மா."