கராம்பு மணத்த தேர்தல்

ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடியதை, பெற்றோல் கியூவில் நின்றபடி போனில் பார்த்தேன். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி ஓட்டிய ஒரே பெண் நான். எங்களுக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவரை யார் தெரிவு செய்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. மர நிழல் அவருக்கு. எல்கடுவ மாதிரித் தூரப் பயணம் வந்தால் அதுவும் அவருக்கு. வெயிலும் வரிசையும் எங்களுக்கு.

எனக்குப் பின்னால் நின்ற நானா, எங்கள் ஸ்டாண்டின் மூத்த முஸ்லிம் டிரைவர், மெதுவாகக் கேட்டார்: "பெரிய தலைவரே போயிட்டாரு. நம்மாளு மட்டும் ஏன் இருக்கணும்?"

தேர்தல் கேட்டோம். தலைவர் உடனே சம்மதித்தார். "எனக்கு எதிரா யாரு நிக்கிறது? கையத் தூக்குங்க பார்ப்போம்."

ஆம்பளைகள் எல்லாருக்கும் திடீரென்று டயரில் காற்றுப் பார்க்கும் வேலை வந்துவிட்டது. கடுப்பில் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

மிளகு அவருக்குச் சின்னம், கராம்பு எனக்கு. எதிரே இருந்த சரக்குக் கடைக்குள் போய், பிடித்ததில் ஒன்றைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்து பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். ரகசிய வாக்கெடுப்பு! தலைவரோ டின்னுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போட்டவர்கள் கையை எல்லாம் பிடித்து மோந்து பார்த்தார். நானா அவரை அறிந்தவர். கடைக்குள்ளேயே மிளகு, கராம்பு இரண்டையும் எல்லாரும் கையில் தேய்க்கும்படி செய்திருந்தார். ஒவ்வொரு கையும் பிரியாணி மாதிரி மணத்தது. தலைவருக்குத் தும்மல்தான் வந்தது.

டின்னைக் கவிழ்த்தால், பெரும்பாலும் கராம்பு.

மறுநாள் அவர் வழக்கம்போல நிழலில் நிறுத்தியிருந்தார். நான் அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, வரிசைக்குப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். வண்டியைக் கடைசிக்குக் கொண்டுபோனார்.

மத்தியானம் வியர்த்து வழிய வந்தார். "தங்கச்சி, அங்க இவ்வளவு வெயிலா?"

"எங்களுக்குத் தெரியும்ணே."

"நிழலுக்கு முறை வைக்கணும். வருஷா வருஷம் தேர்தலும் வைக்கணும். அது நம்ம உரிமை!"

நானா சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நிழலில் நின்ற என் வண்டியின் சீட் குளுகுளுவென்று இருந்தது. 'என்ன அவசரம்ணே?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரி, வைப்போம்" என்றேன்.

அடுத்த வருஷம் வைத்தோம். அவர் மறுபடியும் தோற்றார். கள்ள வாக்கு என்று ஒரு கிழமை முழுக்கக் கத்தினார், வரிசையில் நின்றுகொண்டே.