தனியாக எடுத்து வைத்த பொங்கல்

மஹய்யாவ ஏனோக்கு ஐயாவைத் தெரியாத சபைக்காரர் கண்டியில் கிடையாது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பழனியாண்டியாகப் பிறந்து, லொறி ஓட்டக் கண்டிக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்து ஏனோக்கு ஆனவர். மனதார ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்தான், அதில் பொய்யில்லை. வீட்டிலிருந்த முருகன் படத்தை அன்றைக்கே இறக்கினார். இறக்கின இடத்தில் அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார்; அதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அவருக்கு ஒரே அக்கா, மூக்காயி. தாய் செத்த பிறகு கொழுந்து பறித்து இவரை ஆளாக்கியவள். தைப்பொங்கலன்று தூக்குச்சட்டியோடு பஸ் ஏறி வந்து, "டே பழனி, ஆறிப் போறதுக்குள்ள தின்னுடா" என்பாள். தம்பி வேதத்துக்குப் போன பிறகும் வந்தாள்.

ஒரு பொங்கலன்று ஏனோக்கு வீட்டில் ஜெபக்கூட்டம். நடுக் கதிரையில் பாஸ்டர், பாயில் சபையார். மூக்காயி வாசலில் வந்து நின்றதும் எல்லார் கண்ணும் ஏனோக்கு மேல் திரும்பியது.

"தம்பி, இது சாமிக்கு..." என்று அவள் வாயெடுத்தாள்.

"சாமிக்குப் படைச்சத என் வாசலுக்குக் கொண்டாராத!" சட்டியைப் பிடுங்கி வாசலோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். உள்ளேயிருந்து எழுந்த அல்லேலூயா கூரையைப் பிளந்தது. ஐயோ, அந்தச் சத்தம் அவருக்கு எவ்வளவு இனித்தது! மூக்காயி வெறுஞ்சட்டியைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவேயில்லை.

அதை ஏனோக்கு சாட்சியாக்கிக்கொண்டார். சபையில் சொன்னார். கடுகண்ணாவைச் சபைக்காரர்களும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்லச் சட்டி பெருத்தது. வாய்பேசாமல் போன அக்கா, வாசலில் சாமியாடியவள் ஆனாள். முன்வரிசைக் கதிரை அவருக்கென்றே ஆயிற்று. மனைவி சுந்தரி மட்டும் அந்தச் சாட்சி தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அக்கா மகள் அழகம்மா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் கடை வாசலில் அவளைக் கண்ட ஏனோக்கு, "ஒங்கம்மா இன்னும் பேய்க்குத்தான் பொங்குதா?" என்று நக்கலாகக் கேட்டார். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"நீங்க கவுத்தீங்களே மாமா, அது சாமிக்கு வச்சதே இல்ல. நீங்க வேதத்துக்குப் போனதுலயிருந்து, படைக்கிறதுக்கு முந்தியே அம்மா ஒங்க பங்கத் தனியா எடுத்து வச்சிரும். சாமிக்கு முந்தி மனுசனுக்கு எடுக்கிறதான்னு லயமே ஏசிச்சு. சாமிக்குப் படைச்சது என் தம்பிக்கு ஆகாதுன்னு ஒரே பிடியா நின்னுச்சு. அன்னைக்கு அதச் சொல்லத்தான் வாயெடுத்துச்சு."

அக்கா தன் சாமியையே தம்பிக்குப் பின்னால் தள்ளியிருக்கிறாள். இந்தப் பாவி மனுசன், நாலு பேர் போட்ட அல்லேலூயாவுக்காக அவளை வாசலில் வைத்து அவமானப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"நான் கானுல கொட்டுனது பேய்க்குப் படைச்சதில்ல. எங்கக்கா எனக்குன்னு எடுத்து வச்ச சோறு. இத்தன வருசமா நான் கும்பிட்டது ஆண்டவர இல்ல, நீங்க போட்ட சத்தத்த. எங்க வீட்டு விக்கிரகம் நாந்தான்."

ஒருத்தர் வாயிலிருந்தும் ஆமென் வரவில்லை. பாஸ்டர் கண்காட்ட, அவசர அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் முன்வரிசைக் கதிரையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஏனோக்கு கடைசி வரிசையில் முழங்கால் போட்டு, யாருக்கும் கேட்காமல் ஜெபித்தார். அப்படி ஜெபித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அடுத்து வந்த தைப்பொங்கலன்று புசல்லாவை பஸ் ஏறினார். லயத்து வாசலில் மூக்காயி நின்றாள். 'டே பழனி' என்று ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கி நின்றார்.

"வாங்க ஏனோக்கு ஐயா, உக்காருங்க." கதிரையை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"அக்கா, நான் பழனி. பெரிய தப்புப் பண்ணிட்டேன்கா. எனக்குக் கொஞ்சம் பொங்கல் தா." மனுசன் குலுங்கி அழுதார்.

"இப்பல்லாம் தனியா எடுத்து வைக்கிறதில்லீங்க. எல்லாத்தையும் சாமிக்கு வச்சாச்சு. ஒங்களுக்கு அது ஆகாதுங்களே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

வெளியாட்களுக்கென்று வைத்திருந்த கோப்பையில் தேத்தண்ணி வந்தது. அவர் வாங்கிக் குடித்தார்.