பூனைக்கு வாங்கிய குளிசை

“இது எனக்கில்லைத் தம்பி, பூனைக்கு. வடிவாய்ப் பாரும், மிருக வைத்தியர் தந்த துண்டு.”

பாமசிக்காரன் துண்டைத் திருப்பிப் பார்த்தான். “மனுசருக்கு மனப்பதற்றத்துக்குக் குடுக்கிற குளிசையெல்லோ ஐயா?”

“ஓம். பூனைக்குக் கால்வாசியாம். நக்கி நக்கி வயித்திலை ஒரு மயிர் இல்லை. தோலிலை வருத்தமில்லையாம், பதற்றத்திலைதான் நக்குதாம்.”

“பூனைக்கு என்ன யோசனை ஐயா? வீட்டிலை கட்டிக்குடுக்காத குமர் கிடக்கோ?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சலிங்கத்துக்குக் காது சுட்டது. சொந்த ஊர் உரும்பிராயில் இந்தக் குளிசையை வாங்கினால், பஞ்சலிங்கத்தாருக்கு மூளை தட்டிப்போச்சாம் என்று பின்னேரத்துக்குள் ஊர் கதைக்கும். அதற்குப் பயந்துதான் இரண்டு பஸ் மாறிக் கொடிகாமம் வந்தார். முப்பது வருடம் சங்கக்கடை மனேச்சராக இருந்து, ஒரு குறைச்சொல் கேளாமல் இளைப்பாறியவர். மனைவி செத்த பிறகு அவர் வாய்விட்டுக் கதைப்பது அந்தப் பூனையோடு மட்டும்தான்.

“எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் அந்த வருத்தம் இல்லை,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “விசருக்குக் குளிசை போட்டுக்கொண்டு திரியிற ஆக்கள் இல்லை நாங்கள்.”

திரும்பினால், பின்னால் உதயகலா. பக்கத்து வளவு ரீச்சர். கையில் ஒரு வைத்தியத் துண்டும் முடிந்துபோன குளிசை அட்டையும். பாமசிக்காரன் மேசையில் எடுத்து வைத்திருந்த அதே பச்சை அட்டை.

“பிள்ளை…”

“சும்மா வந்தனான் அண்ணை. ஒரு பனடோல் வாங்க.”

துண்டைக் கைப்பைக்குள் திணித்தாள். பனடோலும் வாங்காமல் இறங்கிப் போனாள்.

அவருடைய வீட்டில் செத்தவீடு நடந்தபோது, எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் மூன்று நேரமும் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். பஸ் நிலையத்தில் இருவரும் பத்தடி தள்ளி நின்றார்கள். பஸ் வந்தது. அவர் ஏறினார். அவள் ஏறவில்லை.

மறுநாள் காலை பஞ்சலிங்கம் ஒரு குளிசையை நாலாக வெட்டினார். ஒரு துண்டைச் சூடை மீனுக்குள் வைத்துக் கொடுத்தார். பூனை தின்றது. ஏழு மணிக்கு உதயகலாவின் படலையடிக்குப் போய், நேற்றுத் தான் கதைத்தது பிழை என்றார். அவள், “ஓம் அண்ணை,” என்றாள். படலையைத் திறக்கவில்லை. குளிசை கிடைத்ததா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்து மணியளவில் பூனை வயிற்றை நக்கத் தொடங்கியது. குணம் தெரிய நாலைந்து கிழமை செல்லும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.