மண்டபத்தின் கடைசி வரிசை

நாவலப்பிட்டியில் பாடசாலை ஆசிரியையாக இருந்த நான், அதை விட்டுவிட்டு, பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். முதல் நாள் காலையிலேயே முகாமையாளர் எச்சரித்தார்.

"மேடம், இவங்க பெரிய ஆளுங்க. ஸ்கூல் புள்ளைங்க மாதிரி நடத்திறாதீங்க."

சொல்லிவிட்டு, நான் எப்படிச் செய்கிறேனென்று பார்க்கக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

தையலில் பிழை கண்டால் யார் வேலையை நிறுத்துவது, யாருக்கு அறிவிப்பது என்று விளக்கினேன். "வெளங்கிச்சா?" என்றேன். மண்டபமே தலையாட்டியது. அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியாதா? ஒன்பதாம் வகுப்பில் தினமும் பார்த்ததுதானே! விளங்காதவர்கள்தான் பலமாக ஆட்டுவார்கள். அன்றைக்கு எல்லாரையும்விடப் பலமாக ஆட்டியவர் முகாமையாளர்.

நேரே அவரிடம் போய்ப் பேனையை நீட்டினேன்.

"போர்டுக்கு வாங்க சேர். நான் சொன்னத இவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுங்க."

பாதியில் தடுமாறினார். முன்வரிசைப் பெண்கள் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். இன்னொருவர் அதை மறுத்தார். அதன் பிறகுதான் அங்கே பாடம் நடந்தது.

முடிந்ததும் முகாமையாளர் என்னிடம் வந்தார்.

"நாளைக்கும் இப்படியே செய்ங்க, டீச்சர்."

காலையில் நான் அவருக்கு மேடம்.