நீலத்துக்கு மேல் சிவப்பு

பழைய மரக் கதிரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்புப் பெயின்ற் உதிர, அடியில் நீலம் தெரிகிறது.

எங்கள் ஊர் விடத்தல்தீவில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சியதைத்தான் கதிரை மேசைக்கும் அடிப்பார்கள். அது காயும்வரை நாங்கள் நிலத்தில்தான் இருப்போம். நிறத்தைப் பார்த்தே யார் வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடலாம். எங்களுடையது நீலம்.

போர் முடிந்து ஊர் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் கதவுகூட இல்லை. எங்களுக்கு முன்பே திரும்பியிருந்த பக்கத்து வீட்டு றீத்தா மாமி கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். அம்மா இருந்த சிவப்புக் கதிரையின் கைப்பிடியில் அவர் நகம் பட, சிவப்பு உதிர்ந்து அடியிலிருந்து நீலம் தெரிந்தது. அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

“ஓம், உங்கட கதிரைதான்,” என்றார் மாமி. “நீலத்தோட விட்டால், ஆளில்லாத வீட்டுச் சாமான் எண்டு ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவினம். அதான் எங்கட சிவப்பை அடிச்சனான். கொண்டு போங்கோ.”

அம்மா தேத்தண்ணியைக் குனிந்தபடியே குடித்து முடித்தார்.

பிறகு அப்பா புது வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலத்தோடு வந்தார். அம்மா கதிரையைத் தொடவிடவில்லை.

“மற்றதுக்கெல்லாம் அடியுங்கோ. இது சிவப்பாலதான் தப்பினது.”

சுரண்டி முடித்துவிட்டேன். வாங்கி வந்த பெயின்ற் பேணியைத் திறக்கிறேன். சிவப்பு.