இரட்டை பெல்ட்டும் என் வலது செருப்பும்

போன செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து ஒரு பெண் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னாள். வாங்கியது அவள் அப்பா கடையில்தான். ஆனால் வைத்தியம் என் வீட்டுக்காரருக்கு அல்லவா... என் செருப்பில் இவளுக்கு என்ன வேலை?

எட்டு மாசத்துக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் இழுத்துக்கொண்டே வரும். ரோட்டில், வில்லியனூர் மார்க்கெட்டில், எங்கே போனாலும் அவர் இடது கையைப் பிடித்தபடி கூடவே நான்.

உறுவையாறு கிராமத்தில் இருக்கிற எங்கள் நிலத்துக்குள் மட்டும் அவரால் போக முடியவில்லை. ஏன்? வரப்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். பக்கத்தில் நான் எங்கே வருவது, சேற்றிலா? ரோட்டிலேயே நின்று நெல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அன்றைக்குச் சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். எனக்கு மனசே ஆறாது.

அப்போதுதான் பிசியோதெரபி பண்ணுகிற நஸ்ரீன் ஒரு டிரெட்மில்லைக் காட்டினாள். அதில் இரண்டு பெல்ட் — வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. விழாமல் இருக்க மேலேயிருந்து பட்டை மாட்டி அவரை ஏற்றினாள். ஒரு பெல்ட்டை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் ஓடவிட்டாள்.

மனுஷன் முன்னைவிட மோசமாக நொண்டினார். எனக்கு வந்ததே கோபம்...

"ஏம்மா, நொண்டுறத சரி பண்ணத்தானே இட்டாந்தேன்? நீ இன்னும் நல்லா நொண்ட வைக்கிறியே, இன்னா கணக்கு இது?"

அவள் அசரவில்லை. சின்னத் தப்பு மூளைக்கு உறைக்காதாம். பெரிசாக்கிக் காட்டினால்தான், ஐயையோ என்று கொஞ்சம் கொஞ்சமாக நடையைத் திருத்திக்கொள்ளுமாம். அப்புறம் பெல்ட் நின்றாலும் கால் அந்தத் திருத்தத்தை உடனே விடாதாம். நல்லா நடக்கிறவர்களை ஏற்றினால், இறங்கியதும் கொஞ்ச நேரம் அவர்கள் நொண்டுவார்களாம்!

கால் மணி நேரம் கழித்து இறங்கினார். நடந்தார். இரண்டு காலும் ஒரே சீராக விழுந்தன. வாய்விட்டு அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். கேன்டீன் வருவதற்குள் பழைய நொண்டல் திரும்பிவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்த நல்ல நடை இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் நிலைத்தது.

போன செவ்வாய், வராந்தா முழுக்கத் தனியாகவே நடந்து காட்டினார். பக்கத்தில் கை வீசிக்கொண்டு நான். நஸ்ரீனோ அவரை விட்டுவிட்டு என் காலையே பார்த்தாள். உங்களுக்குக் கால் வலியா என்றாள். இல்லையே என்றேன். அப்போதுதான் செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

செருப்புக் கடைக்காரர் மகள் இல்லையா... திருப்பிப் பார்த்தாள். இடது செருப்பு புதுசு மாதிரி இருந்தது. வலது செருப்பு வெளிப்பக்கம் முழுக்கத் தேய்ந்து கிடந்தது. எட்டு மாசமாக அவர் பக்கம் சாய்ந்து, அரை அடி வைத்து, நின்று நின்று நடந்திருக்கிறேன். அவர் நேராகிவிட்டார். இல்லாத கையை இன்னும் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடப்பது நான்!

நாம் எல்லோருமே இப்படித்தானோ? மகன் வேலைக்குப் போன பிறகும் விடிகாலையில் "எழுந்து படிடா" என்று குரல் கொடுக்கிற அம்மாக்கள் இல்லையா? கஷ்டம் இறங்கிப் போய்விடுகிறது. நமக்குத்தான் இறங்கத் தெரிவதில்லை.

சனிக்கிழமை காலை வரப்பில் இறங்கினார். முன்னால் அவர், தனியாக. விழுந்துவிடுவாரோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நான். மூலை வரைக்கும் போனார். குனிந்து நெல்லைத் தடவினார். திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு — எட்டு மாசமாகப் பார்க்காத சிரிப்பு.

"இன்னாடி, நொண்டிக்கினு வர்ற? கையப் புடிச்சிக்கட்டா?"

வரப்பில் இரண்டு பேருக்கு இடமில்லைதான். இருந்தாலும் கையை நீட்டினேன்.