வெட்டாமல் விட்ட பிராக்கெட்

கோபால் மாமாவைக் கொன்றது எங்கள் முதலாளி. விபத்து என்று எழுதியிருக்கிறார்கள்... விபத்து இல்லை.

நேற்று காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில் ஒரு வேகத்தடை. நாங்கள் செய்த மூன்று சக்கர வண்டி அதில் ஏறி இறங்கியதும் தானாகத் திரும்பிக் கவிழ்ந்தது. ஓட்டியது மாமா. பின்னால் பைக்கில் போன நான் பார்த்தேன்.

மஞ்சக்குப்பம் பட்டறையில் அவர் ஃபிட்டர், நான் வெல்டர். சொந்தம் கிடையாது. அவர் என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன்... அவ்வளவுதான்.

அந்த வண்டி காட்டுமன்னார்கோயில் டீச்சர் ஒருவருக்கு. போலியோவில் இரண்டு காலும் நடக்காது. முன்னால் இரண்டு சக்கரம் வைத்து ஆர்டர் கொடுத்திருந்தார்.

ஹேண்டில்பாரிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ராடு ஒரு பிராக்கெட்டில் மாட்டும். அதை வெல்டிங் அடித்தது நான். வண்டி ஸ்டாண்டில் நின்றபோது அளவெடுத்தேன். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்று யோசிக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. மறைக்க மாட்டேன்.

மாமா கண்டுபிடித்தார். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் மேலே தூக்கினார். ஹேண்டில்பாரை நான் அசையாமல் பிடித்திருந்தேன். சக்கரம் மட்டும் திரும்பியது.

"பாத்தியா மாப்ள? நீ சிதம்பரம் போறேன்னு புடிச்சிருக்க, அது பாட்டுக்கு பண்ருட்டி போவுது." சிரித்தார். "பிராக்கெட்ட வெட்டி ரெண்டு விரக்கட கீழ எறக்கு."

முதலாளி விடவில்லை. "பெயின்ட் அடிச்சி முடிச்சாச்சி, இப்ப வெட்டுவியா? டீச்சர் மத்தியானம் வராங்க. ராடு நட்டத் திருப்பி நேராக்கிக் குடுங்கடா."

"நட்டத் திருப்புனா நிக்கிறப்ப நேரா இருக்கும் மொதலாளி. தூக்கிப் போட்டா திரும்பிக்கும். அவுங்களால கால ஊனக்கூட முடியாது."

"அப்ப நீயே சிதம்பரம் வரைக்கும் ஓட்டிக் காட்டு. திரும்புனா வெட்டிக்கலாம்."

மாமா சாவியை எடுத்தார். வேண்டாம் என்றேன்.

"நான் ஓட்டலன்னா அந்தம்மாவ ஏத்தி வுட்டுடுவாரு மாப்ள. பின்னாடியே வா."

போனேன்...

இன்று முதலாளி மாலையோடு வந்தார். போலீசில் அவர் சொல்லியிருப்பது, "கோபால் யாருகிட்டயும் சொல்லாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்."

மாமாவின் மனைவி காதுக்கு அது போய்விட்டது. பிணம் கிடக்கும்போதே என் சட்டையைப் பிடித்துக் கேட்டார். "திருடிக்கிட்டா போனாரு? நீ கூடதான போன, சொல்லு."

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் தப்பையும் சேர்த்துத்தான். வெல்டர் பேச்சு ஒரு பேச்சா என்பது போல வாங்கி வைத்தார்கள்.

சாயங்காலம் எடுத்தாயிற்று. போய்ட்டு வாங்க மாமா.

முதலாளி, இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாருங்கள். மாமாவின் மனைவியும் வருவார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்... வண்டியை ஓட்டச் சொன்னது யார்?